விளிம்பில் வேறொரு பெயர்

போன வாரம் பட்டாளத்தார் வீட்டு வாசல் கதவு இரண்டு முறை அறைந்து சாத்தப்பட்டதே, அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குவோம். முதலில் சாத்தியவர் பெரிய மகன். அடுத்துச் சாத்தியவள் மகள். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அப்பாவின் நீண்ட சேவைப் பதக்கம்.

"அப்பா ராணுவத்துல லாரி ஓட்டினாரு. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். ஸ்டீரிங் யாருகிட்ட இருக்கோ மெடலும் அவங்ககிட்டதான் இருக்கணும்" என்றார் மகன்.

"நீண்ட சேவைக்கு மட்டும் குடுக்கலை, நன்னடத்தைக்கும் சேர்த்துக் குடுத்தது. இந்த வீட்ல நன்னடத்தைன்னா என்னன்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான்" என்றாள் மகள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இல்லாத நேரத்திலும் விசில் இருக்கிற மாதிரியேதான் பேசுவாள்.

பதக்கத்துக்குச் சொந்தக்காரரோ அதே கூடத்தில் நாற்காலியில் நன்றாக, திடமாக உட்கார்ந்திருந்தார். "நான் இன்னும் இருக்கேன்" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

சின்ன மகன் லிஃப்ட் மெக்கானிக். சண்டை மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அவன் நடு மாடியிலேயே நின்றுகொள்வான். அதனால் இந்த வீட்டில் எந்தப் பிரச்சினையும் சுற்றிச் சுற்றி அவன் மனைவியின் தலையில்தான் வந்து விடியும். இந்தப் பிரச்சினை அவள் தொழிலையே தேடி வந்துவிட்டது. சின்ன மருமகள் வேலை பார்ப்பது பதக்கங்களுக்கு நகல் செய்யும் பட்டறையில்.

"மூணு பிள்ளைங்க, ஒரு மெடல். எப்படிப் பங்கு போட்டாலும் இடிக்குது" என்றார் மாமியார், ஒரு வாரம் கழித்து ஒரு காலையில், சமையலறையில் குரலைத் தாழ்த்தி. பட்டாளத்தார் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். "உன் பட்டறையில இன்னும் ரெண்டு செஞ்சுடு. சாயங்காலம் போட்டோ எடுக்க எல்லாரும் வருவாங்க. அப்ப மூணையும் குலுக்கி ஆளுக்கொண்ணு குடுத்துடலாம். அவங்கவங்க தன்னுதுதான் அசல்னு நெனச்சுக்கட்டும்."

அன்று மாமியாருக்கும் பட்டாளத்தாருக்கும் கல்யாணமாகி ஐம்பதாவது வருடம். கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. போட்டோக்காரரும் வருகிறார். பேசிக்கொள்ளாத அண்ணனும் தங்கையும் ஒரே படத்தில் எப்படி நிற்பார்கள் என்பதுதான் மாமியாரின் கவலை.

"அத்தை, நகல்னு விளிம்புல ஒரு சின்ன முத்திரை அடிப்போம். அது எங்க பட்டறையோட சட்டம்."

"விளிம்பை எந்த மகாராசா வந்து பார்க்கப் போறான்? உங்க மாமாவே இத்தனை வருஷத்துல பார்த்திருக்க மாட்டார்."

"சுவர்லேர்ந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழட்டினா மாமாவுக்குத் தெரிஞ்சிடுமே?"

மாமியார் ஒரு கரண்டியை எடுத்தார். நேராகக் கூடத்துக்குப் போனார். காம்பால் கண்ணாடியில் டங்கென்று ஒரு தட்டு. மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் ஓடியது.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு. மாத்தக் குடுத்திருக்கோம். எடுத்துட்டுக் கிளம்பு" என்றார், கரண்டியைக் கழுவப் போட்டபடி.

இந்த வீட்டில் உண்மையான தளபதி யார் என்பது சின்ன மருமகளுக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

* * *

பட்டறை ஒரு சாவிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நீளமான மேசை. சுவர் ஓரமாக அடுக்கடுக்காக ரிப்பன் சுருள்கள். பின்னறையில் பதக்கத் தட்டு அச்சடிக்கும் இயந்திரம், அது அடிக்கும்போதெல்லாம் மேசையில் டீ கிளாஸ் நடுங்கும். இங்கே வருகிறவர்கள் பலவிதம். தீ விபத்தில் அப்பாவின் பதக்கத்தைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். பெட்டி வரிசையில் ஒரு குழி காலியாக இருப்பதைத் தாங்க முடியாத சேகரிப்பாளர்கள் வருவார்கள். பட்டாளத்தார் குடும்பம் மாதிரிப் பதக்கத்தைவிட வாரிசுகள் அதிகமான குடும்பங்கள்தான் நிறைய வரும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வேறு விதமாகவும் வருவார்கள். ராணுவத்தில் இருந்தே இராதவர்கள். தங்கள் பெயர் போட்டு ஒன்று செய்து தரச் சொல்வார்கள். முதலாளியம்மா அவர்களை வந்த வழியே அனுப்பிவிடுவார்.

"நகல்னு சொல்லிக் குடுத்தா நாம தொழிலாளி. சொல்லாம குடுத்தா திருடன்" என்பார்.

தட்டுகள் இரண்டும் அடித்துத் தயாராக இருந்தன. விளிம்பில் பெயர் வெட்டுவதுதான் மிச்சம். அது சின்ன மருமகளின் வேலை. ராணுவப் பதக்கத்தின் முகம் எல்லாருக்கும் ஒன்றுதான். விளிம்பில்தான் வாங்கியவரின் எண்ணும் பதவியும் பெயரும் இருக்கும். அசல் விளிம்பில் என்ன இருக்கிறதோ அதை ஒரு புள்ளிகூட மாறாமல் நகலில் வெட்ட வேண்டும்.

அவள் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, மாமனாரின் பதக்கத்தை முதல் முறையாகக் கையில் எடுத்தாள். ஆமாம், முதல் முறைதான். கல்யாணமான புதிதில், "ரிப்பன் வெளுத்துப்போச்சு மாமா, மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டாள். "அது கிடக்கட்டும்மா" என்றார். பிறகும் பல முறை கேட்டிருக்கிறாள். கிடக்கட்டும், கிடக்கட்டும் என்றே தட்டிக் கழித்துவிட்டார்.

விளிம்பைத் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் மெல்லத் திருப்பினாள்.

எண் வேறு. பெயர் வேறு.

மறுபடி துடைத்தாள். மறுபடி படித்தாள். மாமனாரின் ராணுவ எண் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவர் குடையில் அந்த எண் இருக்கிறது, சூட்கேஸில் இருக்கிறது, செருப்பின் அடியில்கூட எழுதி வைத்திருக்கிறார். இது அந்த எண் இல்லை. இது யாரோ ஒருத்தருடைய பதக்கம்.

 பொய்ப் பதக்கம் கேட்டு வரும் அந்த இரண்டு மூன்று பேரின் முகங்கள் கண்முன் வந்து நின்றன. பேசும்போது மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் முகங்கள். மாமாவும் அப்படி ஒருத்தரா? எங்கேயோ பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டிவைத்தாரா? இதற்குத்தான் கிடக்கட்டும், கிடக்கட்டும் என்றாரா?

சே, என்று தன்னையே கடிந்துகொண்டாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்" என்று அவள் சொன்னபோது வீடே வாயை மூடிக்கொண்டிருந்தது. "எத்தனை மணிக்கு பஸ்? நான் கொண்டுவந்து விடறேன்" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவரைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. சந்தேகமோ போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"என்ன, விளிம்பு இன்னும் மொட்டையா இருக்கு?" என்றார் முதலாளியம்மா, அந்தப் பக்கம் போகும்போது.

"இதோ வெட்டிடறேன்மா."

எதை வெட்டுவது? அசலில் இருக்கும் பெயரை வெட்டினால் சாயங்காலமே குட்டு உடையும், பிள்ளைகள் முன்னால் பெரியவர் தலை குனிய வேண்டும். மாமாவின் பெயரை வெட்டினால் அவள் செய்வது நகலே இல்லை, பொய். வெட்டுக் கருவியைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள்.

* * *

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். டிரைவிங் ஸ்கூல்காரர்.

"வாங்க பெரியத்தான்" என்று எழுந்தாள், பதக்கத்தைச் சட்டென்று கைக்குட்டைக்குள் மறைத்து.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தார். "அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. ரெண்டு நகல். அசல் எனக்குத்தான்னு எங்கிட்ட தனியா சொல்லிட்டாங்க. தங்கச்சிகிட்ட மூச்சு விடாதே."

"அத்தையா சொன்னாங்க?"

"மூத்தவன் இல்லையா நான்? ஆனா குலுக்கிக் குடுக்கும்போது அம்மா கை தடுமாறிடக் கூடாது பாரு. நீ ஒண்ணு பண்ணு. அசலோட ரிப்பனுக்குப் பின்னால கறுப்பு நூல்ல ஒரு தையல் போட்டு வெச்சிடு. நான் தடவிப் பார்த்து எடுத்துக்கறேன்." பிறகு, சும்மா கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, "உனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறேன். ரிவர்ஸ் எடுக்கறது வரைக்கும்" என்றார்.

அவள் "சரி" என்றாள். வேறு என்ன சொல்வது?

அவர் இறங்கிப் போய் இயந்திரம் நாலு தட்டு அடித்திருக்காது, விளையாட்டு டீச்சர் வந்து நின்றாள். பள்ளியில் இடைவேளையாம்.

"அண்ணன் வந்தானா?"

"வந்தாரு அண்ணி. சும்மாதான்..."

"அவன் சும்மா வர்ற ஆளா? சரி, கேளு. அசல் எனக்குத்தான்னு அம்மா சத்தியமே பண்ணிட்டாங்க. ஒரே பொண்ணாச்சே. அடையாளத்துக்கு ரிப்பன் பின்னால சிவப்பு நூல்ல ஒரு தையல். புரிஞ்சுதா?"

"சரி அண்ணி."

"நிமிர்ந்து உட்காரு. இப்படிக் கூனிக்கிட்டு வேலை பார்த்தா முதுகு போயிடும்" என்று போகிறபோக்கில் ஒரு உத்தரவும் போட்டுவிட்டுப் போனாள்.

கறுப்பு ஒரு தையல், சிவப்பு ஒரு தையல். இரண்டையும் ஒரே பதக்கத்தில் போட்டால் சாயங்காலம் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையைப் பிரித்ததும் சிரிப்பு அடங்கியது.

மூன்றாவதாகவும் படியில் சத்தம் கேட்டது. இந்த முறை மெதுவாக, படிக்குப் படி நின்று நின்று.

பட்டாளத்தார்.

தினமும் தேய்த்த சட்டையின் பொத்தான்களை வரிசையாகப் போடும் மனிதர், இன்று ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. மேசையில் திறந்து கிடந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"விளிம்பைப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன் மாமா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க அத்தை துடைப்பா, முகத்தை மட்டும். பெரியவன் பார்ப்பான், தூரத்துலேர்ந்து. இந்த வீட்டுக்கு நீ வந்தன்னிக்கே நெனச்சேன், மாட்டினா இவகிட்டதான் மாட்டுவோம்னு."

அவள் பதக்கத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.  "இது யாரோடது மாமா?"

"பம்ப்போடது."

"எந்தப் பம்ப்பு?"

"நான் ஓட்டினது தண்ணி லாரி. பக்கத்துல உட்கார்ந்து வந்து, பம்ப்பைப் போட்டுத் தண்ணி இறைக்கறவன் அவன். நான் ஸ்டீரிங்கு, அவன் பம்ப்பு. எங்க பேரையே எல்லாரும் மறந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு தடவைகூடத் துப்பாக்கியால சுட்டது கிடையாது. ஆனா எங்க லாரி வரலைன்னா ஒருத்தன் பல்லு விளக்க முடியாது." சொல்லும்போது அவர் முகத்தில் பழைய கர்வம் எட்டிப் பார்த்தது. "ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் மெடல் குடுத்தாங்க. ஒரே நாள்ல ரிட்டயர் ஆனோம். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு ஒரே வாக்குவாதம், யாரு முதல்ல யாரு வீட்டுக்கு வர்றதுன்னு. அவன் சொன்னான், 'ஸ்டீரிங்கு, உன் மெடலை எங்கிட்ட குடு, என்னுதை நீ வெச்சுக்க. எவனுக்குப் பொறுக்கலையோ அவன் தேடிக்கிட்டு வரட்டும். முதல்ல வர்றவன் தோத்தவன்.' "

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் மிஞ்சற பிடிவாதக்காரனுங்க."

"இத்தனை வருஷமாவா மாமா!"

"அவன் வருவான்னு நான் இருந்தேன். நான் வருவேன்னு அவன் இருந்திருப்பான்." அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நடுவுல ரெண்டு வீடு மாறினோம். அவனும் மாறியிருப்பான். அப்புறம் தேடணும்னு தோணினப்ப எங்க போய்த் தேடறது? உங்க அத்தைகிட்ட சொல்லலாம்னு பார்த்தா, மறுநாளே மூட்டை கட்டிக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்துடுவா. நான் தோத்துடுவேன்ல?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த இரண்டு மூன்று பேரைப் போல அவர் மேசையைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், திட்டு வாங்கத் தயாரான பையன் மாதிரி. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

"நான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன் மாமா. காலையிலேர்ந்து ஒரு வேலையும் ஓடலை."

"படாம என்ன பண்ணுவே? விளிம்புல வேற பேரு இருந்தா சந்தேகப்படத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்று அவர் கடகடவென்று சிரித்தார். மேசையில் இருந்த இரண்டு மொட்டைத் தட்டுகளைக் காட்டினார். "சரி, அந்த ரெண்டுலயும் என் பேரைப் போடு."

"அசல்ல இருக்கற பேரைத்தான் வெட்டணும் மாமா. அதுதான் சட்டம்."

"என் அசல் பம்ப்புகிட்ட இருக்கு. அதுக்கு இது நகல். எங்க தப்பு?"

பின்னறையிலிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது. "ஒரு தப்பும் இல்லை. வெட்டு." இவ்வளவு நேரமும் இயந்திரம் ஓடாமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"வெட்டறேன்" என்றாள் சின்ன மருமகள். "ஆனா மாமா, சாயங்காலம் நீங்க எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லணும். அத்தை சொன்னபடி மூணையும் குலுக்கிப் போடற வேலைக்கெல்லாம் நான் வர மாட்டேன்."

"சொன்னா நான் தோத்த மாதிரி ஆகாதா?"

"வீட்ல சொன்னா தோல்வி கிடையாது. பம்ப்பு வீட்டுக்குப் போனாத்தான் தோல்வி."

பட்டாளத்தார் யோசித்தார். சட்டம் தனக்குச் சாதகமாக இருக்கிறது என்று தெரிந்ததும் தலையாட்டினார். சட்டைப் பொத்தானையும் சரியாகப் போட்டுக்கொண்டார்.

* * *

சாயங்காலம் கூடத்தில் கேக், நாற்காலிகள், போட்டோக்காரரின் விளக்கு, எல்லாம் வந்து சேர்ந்தன. அண்ணன் இந்தக் கோடியில். தங்கை அந்தக் கோடியில். நடுவில் மாமியார் புதுப் புடவையில், இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டு.

சின்ன மருமகள் மூன்று பதக்கங்களையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். குலுக்குவதற்காக மாமியார் கையை நீட்டினார். பட்டாளத்தார் தட்டை வாங்கிக்கொண்டார்.

"குலுக்க வேண்டாம். நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். லாரியிலிருந்து ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.  போட்டோக்காரர்கூட விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்.

முதலில் வெடித்தவர் மாமியார்தான். "அப்ப, இத்தனை வருஷமா வாரம் தவறாம நான் துடைச்சது யாரோ ஒரு பம்ப்புக்காரர் மெடலையா? என் புடவைத் தலைப்பாலயே துடைச்சிருக்கேனே!"

"நல்லா பளபளன்னுதான் வெச்சிருக்கே. அவன் ரொம்பச் சந்தோஷப்படுவான்."

"பேசாதீங்க! அம்பது வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட இதை மறைச்சிருக்கீங்க!"

"நீ காலையில கரண்டிக் காம்பால கண்ணாடியை உடைச்சியே, அதை எங்கிட்ட சொன்னியா?"

 யாரும் இல்லையென்று நினைத்து மாமியார் அடித்த அடியை, பாதி வழியில் குடை எடுக்கத் திரும்பி வந்த மனிதர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் தட்டை எட்டிப் பார்த்தார். "அப்போ அப்பா பேரு எதுல இருக்கு?"

"நகல்லதான்" என்றாள் சின்ன மருமகள். "ரெண்டுலயும் மாமா பேரு, மாமா எண். பக்கத்துல நகல்னு முத்திரை. அசல்ல மட்டும் பம்ப்பு மாமா பேரு."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"அண்ணன்தானே மூத்தவன்? அசல் அண்ணனுக்கே இருக்கட்டும். எனக்கு நகல் போதும்" என்றாள் டீச்சர், பெருந்தன்மை பொங்க.

"அது எப்படி? ஒரே தங்கச்சி நீ. அசலை உனக்கு விட்டுக்குடுத்துட்டேன்."

"அம்மா எனக்குத்தான் அசல்னு சத்தியம் பண்ணாங்க. இருந்தாலும் உனக்கே இருக்கட்டும்."

"உனக்கா? எனக்குத்தான்னு எங்கிட்ட சொன்னாங்களே?"

இருவரும் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். மாமியார் அவசரமாகக் கேக்கை வெட்ட ஆரம்பித்தார்.

முதலில் சிரித்தது டீச்சர். அவள் சிரித்தால் மைதானம் முழுக்கக் கேட்கும். அண்ணனுக்கும் அடக்க முடியவில்லை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிய லிஃப்ட் மெக்கானிக், "என்ன ஆச்சு, எனக்கு எது?" என்று கேட்க, "உனக்கு எதுவும் கிடையாது, கேக்கைத் தின்னு" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள். அவனும் சந்தோஷமாகத் தின்றான். போட்டோ எடுத்தார்கள். அண்ணன் கையில் ஒரு நகல், தங்கை கையில் ஒரு நகல், நடுவில் அப்பா பம்ப்பின் பதக்கத்தோடு. எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த படம் அந்த வீட்டில் அதுதான் முதலாவது.

போட்டோக்காரர் போன பிறகுதான் சின்ன மருமகள் கவனித்தாள். பட்டாளத்தார் சிரிப்பை நிறுத்தியிருந்தார். பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா?"

"அவன் பிள்ளைங்களும் இதுக்கு அடிச்சுக்குமோ என்னமோ" என்றார். "குடுத்துடணும்மா. போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நானே தோத்துட்டுப் போறேன். எங்க இருக்கான்னுதான் தெரியலை."

அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள். நகல் செய்கிற பட்டறைகள் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மாமாவின் எண்ணையும் பெயரையும் சொல்லி, அவை விளிம்பில் உள்ள பதக்கம் யார் கைக்காவது வந்ததா என்று விசாரிக்கச் சொன்னாள். வீட்டில் கேக் தீர்ந்து டீ ஆகிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. அவள் போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு வந்தாள். முகம் மாறியிருந்தது.

"மாமா, வேற ஊர்ல ஒரு பட்டறை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வயசான ஒருத்தர் அங்க வந்திருக்காரு. உங்க மெடலைக் கொண்டுவந்து அதுக்கு ஒரு நகல் கேட்டிருக்காரு."

"நகலா? எதுக்கு?"

"அவங்களும் அதைத்தான் கேட்டாங்களாம். 'அசலை அவன்கிட்டயே கொண்டுபோய்க் குடுக்கப் போறேன். குடுத்துட்டா என் வீட்டுச் சுவர் காலியாயிடுமே, அதுக்குத்தான்'ன்னாராம்."

பட்டாளத்தார் எழுந்தே விட்டார். "அப்போ அவன்தானே முதல்ல கிளம்பினான்? அவன்தானே! நல்லா கேட்டியா? நான் ஜெயிச்சுட்டேன்!" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பார்த்தியா, பம்ப்பு தோத்துட்டான்! எனக்கு அப்பவே தெரியும், அவனுக்குப் பொறுக்காதுன்னு!"

வீடே சேர்ந்து சிரித்தது. சின்ன மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அதை அவர் பார்த்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாச்சேம்மா. இன்னும் ஏன் வரலை?"

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். "அசலை அன்னிக்கே அளவெடுத்துத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம். நகல் ரெடியாகி அங்கேயே இருக்காம் மாமா. அவர் வந்து வாங்கவே இல்லையாம்."

 மாமியார் மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அப்பாவின் பின்னால் வந்து நின்றாள், அண்ணனும் வந்து நின்றார்.

"நம்பர் ஏதாவது குடுத்துட்டுப் போனானா?" என்றார் பட்டாளத்தார்.

"குடுத்திருக்காரு."

"போடு."

அவள் போட்டுக் கொடுத்தாள். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல், "ஹலோ, யாருங்க?" என்றது.

பட்டாளத்தார் அணிவகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். பேர் சொல்ல வாய் வரவில்லை. எண்ணும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க வீட்டுச் சுவர்ல ஒரு மெடல் தொங்குதே... அது நான்தாம்மா."

 எதிர்ப்பக்கம் நாற்காலி ஒன்று வேகமாக நகரும் சத்தம் கேட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம் இருங்க" என்றது அந்தக் குரல். அழுகிறதா சிரிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "தயவுசெஞ்சு போனை மட்டும் வெச்சுடாதீங்க."